உறுமியோடு கடல் தாண்டினோம்

“இது என்ன சாமான்?”

தலைமன்னாரில் கப்பலை விட்டு இறங்கியதும், சுங்கக் கொட்டகையில் எங்களை நிறுத்தி ஊர் பேர் விசாரித்த அதிகாரி அடுத்துக் கேட்ட கேள்வி இதுதான். அவர் விரல் நீட்டிய இடத்தில், ஜமுக்காளத்தில் சுற்றிக் கயிற்றால் கட்டிய ஒரு சாமான், சேவியரைவிட ஒரு முழம் உயரமாகச் சுவரில் சாய்ந்து நின்றது.

“பலகைங்கய்யா,” என்றான் சேவியர்.

“என்ன பலகை?”

“அலையில ஏறி நிக்கிற பலகை.”

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். “நீங்கள் மதுரை ஆக்கள் எண்டுதானே சொன்னனீங்கள்? மதுரையில கடல் இருக்கோ?”

“இல்லைங்கய்யா.”

“பிறகெங்க அலை?”

வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. அப்பா மட்டும் அசையவில்லை. வேட்டி, முழுக்கைச் சட்டை, கக்கத்தில் குடை, தோளில் தெர்மாஸ் பிளாஸ்க். கணக்கு வாத்தியார் பரீட்சை ஹாலில் நிற்பது போலவே நின்றார்.

“திஸ் இஸ் எ மியூசிக்கல் பார்ட்டி, சார்,” என்றார். “மை டாட்டர் பிளேஸ் தி பாஸ் கிட்டார்.”

அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். நூல் புடவை, ஒற்றைப் பின்னல், கையில் ஒரு நீளமான பெட்டி. நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அவர் பார்வை அப்படியே நகர்ந்து, முத்தையா இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்து வைத்திருந்த உறுமியில் போய் நின்றது.

“இது?”

“உறுமிங்கய்யா,” என்றான் முத்தையா. குரல் கம்மியிருந்தது. கப்பலில் வழி நெடுக வாந்தி எடுத்திருந்தான்.

“அடிச்சுக் காட்டும், பாப்பம்.”

வெளியே, கொழும்புக்குப் போகும் ரயில் மூச்சு விட்டுக்கொண்டு நின்றது.

மதுரையில் ஏது அலை?

அந்த அதிகாரி கேட்டதைத்தான் இந்தத் தொடரைப் படிக்கிற பலரும் கேட்கிறார்கள். போன வாரம் நான் பாஸ் கிட்டார் கற்ற கதையை எழுதியதும், ஆரப்பாளையத்திலிருந்து ஒரு வாசகர், “வைகையிலேயே தண்ணீர் இல்லை, இதில் உங்கள் குழுவுக்கு ‘வைகை வேவ்ஸ்’ என்று பெயரா?” என்று எழுதியிருக்கிறார். நியாயம்தான். பெயர் வைத்த அன்றே எங்கள் தெருவில் எல்லோரும் இதையே கேட்டார்கள்.

அலை, சேவியரோடு வந்தது. திருச்செந்தூருக்குத் தெற்கே கடற்கரை ஊர்க்காரன். அப்பா வேலை பார்த்த மிஷன் பள்ளியில் ஆபீஸ் கிளார்க்காகச் சேர்ந்தான். நான் அருகிலிருந்த பெண்கள் பள்ளியில் பாட்டு டீச்சர். கிறிஸ்துமஸ் கீத பவனிக்கு கிட்டார் வாசிக்க ஆள் வேண்டுமென்று தேடியபோது அவன் அகப்பட்டான். கீதங்களை ஒழுங்காக வாசிப்பான். நடுவில் யாரும் பார்க்காத நேரத்தில் வேறொரு தாளத்துக்குத் தாவிவிடுவான்.

“அது என்ன தாளம்?” என்று கேட்டேன்.

“அலை வர்ற தாளம். ரெண்டு சின்னது வரும், ஒண்ணு பெருசா வரும். பெருசுலதான் ஏறணும்.”

அவன் ஊரில் சிறுவர்கள் உடைந்த கட்டுமரத் துண்டை எடுத்துக்கொண்டு கடலுக்குள் நீந்திப் போவார்கள். பெரிய அலை வரும்போது அதன்மேல் வயிறு பதியப் படுத்துக் கரைக்கு வந்து விழுவார்கள். இவன் எழுந்து நிற்பானாம். நின்றபடியே கரைக்கு வருவானாம். உலகத்தில் அதற்கென்று ஒரு பெயர் இருப்பதும், அதற்காகவே கண்டம் விட்டுக் கண்டம் போகிறவர்கள் இருப்பதும் அப்போது அவனுக்குத் தெரியாது. பள்ளி நூலகத்தில் கிடந்த ஒரு பழைய வெளிநாட்டுப் பத்திரிகையில், ஒருவன் பலகை மேல் நின்று அலையில் வருகிற படத்தைப் பார்த்துவிட்டு, அதைத் தூக்கிக்கொண்டு என் பாட்டு வகுப்புக்கே ஓடி வந்தான். “கிரேஸ், இங்க பாரு! இவனும் என்னைய மாதிரியே நிக்கான்!”

அந்தப் படத்தை வைத்துத்தான் சிம்மக்கல்லில் ஒரு தச்சரிடம் பலகை செய்தோம். கட்டுமரத்துக்கு ஆகும் லேசான மரத்தைச் சேவியர் ஊரிலிருந்து வரவழைத்தான். தச்சர் கடைசிவரை அதை ஏதோ கோவில் வேலை என்றே நினைத்திருந்தார். டவுன் பஸ்ஸின் கூரையில் அதை ஏற்றியபோது, கண்டக்டர் கீழே இறங்கி நின்று, “யாருங்க தவறிட்டாங்க?” என்று மெதுவாகக் கேட்டார்.

நீண்ட விடுமுறை கிடைத்தால் சேவியர் ஊருக்குப் போவோம். ஒரு பெண் தனியாகப் போக முடியாது. ஆகவே அப்பா கூட வருவார். கடற்கரை மணலில் குடையை விரித்து உட்கார்ந்து, கணக்கு நோட்டுகளைத் திருத்துவது போல அலைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். சேவியர் விழுந்தால் தலையை ஆட்டுவார். நின்றால் கடிகாரத்தைப் பார்ப்பார். எவ்வளவு நேரம் நின்றான் என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

பரவையில் இறங்கியவன்

குழு என்று ஒன்று உருவானது, சேவியர் ஒரு நாள் பஸ்ஸிலிருந்து பாதியில் இறங்கியதால்தான்.

திண்டுக்கல் போகிற பஸ். பரவையில் ஏதோ கோவில் விசேஷம். ஊர்வலம் சாலையை மறித்துப் போய்க்கொண்டிருந்தது. கொட்டுச் சத்தம். அதன் அடியில் இன்னொரு சத்தம், பெரிய மிருகம் ஒன்று தொண்டைக்குள் முனகுவது போல. பஸ் கிளம்பியபோது சேவியர் சாலையில் நின்றிருந்தான்.

உறுமியைக் கேட்காத மதுரைக்காரர் இருக்க முடியாது. இடுப்புயரத்தில் தொங்கும், ஒரு முகத்தைக் குச்சியால் தட்டுவார்கள், மறுமுகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். தேய்க்கிற பக்கம்தான் அந்த உறுமல். நான் அதைச் சிறுவயதிலிருந்து கேட்டிருக்கிறேன். ஆனால் சேவியர் அன்று மாலை எங்கள் வீட்டுக்கு வந்து சொன்ன மாதிரி ஒருநாளும் கேட்டதில்லை.

“அலை உடைஞ்சு திரும்பிப் போவும்லா, கூழாங்கல்ல எல்லாம் இழுத்துக்கிட்டு? அதே சத்தம் கிரேஸ். அச்சு அசல்! கடலே இல்லாத ஊர்ல இத எவம்லே கண்டுபிடிச்சான்?”

அன்று உறுமி வாசித்தவர்களில் ஒருவன் முத்தையா. ஆனால் அவன் வாசிக்கிற குடும்பத்தைச் சேர்ந்தவன் இல்லை. விவசாயக் குடும்பம், பரவை மார்க்கெட்டுக்குக் காய்கறி கொண்டுவந்து போடுகிறவர்கள். உறுமி வாசிக்கிறவர்கள் வேறு தெருவில் இருந்தார்கள். கருப்பையா என்ற பெரிய வாசிப்புக்காரர் பின்னாலேயே சுற்றி இவன் கற்றுக்கொண்டான். பின்னாளில் எந்த நாட்டு மேடையானாலும் அவர் பெயரைச் சொல்லாமல் முத்தையா குச்சியைத் தொட்டதில்லை.

வீட்டில் அது பெரிய சண்டையானது. “அத நீ எதுக்குடா தொடுற?” என்று அவன் தகப்பனார் கேட்டார். அந்தக் கேள்விக்குள் என்னவெல்லாம் இருந்தது என்று நான் விளக்க வேண்டியதில்லை. மகன் விடவில்லை. தகப்பனார் பேச்சை நிறுத்திக்கொண்டார். ஒரே வீட்டில் இரண்டு பேரும் அம்மா மூலமாகவே பேசிக்கொண்டார்கள்.

எங்கள் வீடு தெப்பக்குளத்தை ஒட்டிய தெருவில். அப்போதெல்லாம் தெப்பக்குளத்தில் பெரும்பாலும் தண்ணீர் இருக்காது. உள்ளே கிரிக்கெட் நடக்கும். ஞாயிறு ஆராதனை முடிந்து, ஆட்டுக்கறிக் குழம்பு சாப்பிட்டு, மாலையில் முன் அறையில் ஒத்திகை. சேவியர் கிட்டார். நான் பாஸ். முத்தையா தோளில் உறுமி. பள்ளி பேண்டில் கழித்துப்போட்ட பெரிய டிரம் ஒன்றைக் காலால் மிதித்து அடிக்கும்படி ஒரு ஏற்பாடும் செய்திருந்தான். முதல் நாள் உறுமி எழும்பியதும் எதிர்வீட்டு அம்மா ஓடி வந்தார். “டீச்சர், யாருக்கு என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகலம்மா, பாட்டு,” என்றேன்.

“பாட்டா?” என்று கேட்டுவிட்டு, வாசலிலேயே நின்று முழுதும் கேட்டார். முடிந்ததும், “நல்லாத்தான் இருக்கு. ஆனா என்னன்னு சொல்லத் தெரியல,” என்றார். எங்கள் இசைக்குக் கிடைத்த முதல் விமர்சனம். இன்றுவரை அதைவிடச் சரியாக யாரும் எழுதியதில்லை.

பந்தியில் உட்காரச் சொன்னார்கள்

மதுரை எங்களைத் தூக்கி வைத்துக் கொண்டாடியதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். எங்கள் முதல் கச்சேரி ஒரு கல்யாண வரவேற்பு. சொந்தப் பாட்டு இரண்டு வாசித்தோம். மூன்றாவது தொடங்குவதற்குள் பெண்ணின் சித்தப்பா மேடைக்கு வந்தார்.

“தம்பி, சினிமாப் பாட்டு தெரியாதா?”

“நாங்க எங்க பாட்டத்தான் வாசிப்போம்ணே,” என்றான் முத்தையா.

அவர் கோபப்படவில்லை. மிக மரியாதையாக, “அப்ப சாப்பிடப் போங்க. பந்தி ரெடியாத்தான் இருக்கு,” என்றார். ரெக்கார்டு வைத்துவிட்டார்கள். எங்களோடு பந்தியில் உட்கார்ந்த அப்பா, எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்து, இலையை மடித்தபின் பேசினார்: “பாயசம் பிரமாதம்.” அதற்குமேல் அந்த நிகழ்ச்சி பற்றி அவர் ஒரு சொல் சொன்னதில்லை.

அதற்கப்புறம்தான் பிடிவாதம் வந்தது. கேட்க ஆளில்லை என்றால் பதிந்தாவது வைப்போம் என்று, ஒரு கோடை விடுமுறையில் பள்ளி ஹாலைக் கேட்டு வாங்கினோம். ரேடியோ ரிப்பேர் செய்கிற நண்பர் ஒருவர் இரண்டு மைக்கும் ஒரு கேசட் ரெக்கார்டரும் கொண்டுவந்தார். மின்விசிறிச் சத்தம் விழும் என்று அதை நிறுத்திவிட்டு, வியர்வை சொட்டச் சொட்ட வாசித்தோம். ஒரு பாட்டின் நடுவே வெளியே ஐஸ்காரர் மணி அடிக்கிறார். அப்படியே விட்டுவிட்டோம். சிட்னியில் ஒருவர் பிற்பாடு என்னிடம், “அந்த இடத்தில் வரும் மணி மிக அருமையான யோசனை,” என்றார். நன்றி என்றேன்.

அந்தக் கேசட்டின் பிரதி ஒன்றைச் சேவியரின் அத்தை மகன் பிரான்சிஸ் எடுத்துக்கொண்டு போனார். இலங்கையின் தெற்குக் கடற்கரையில் ஒரு ஓட்டலில் அவர் சமையல்காரர். அந்தக் கரையில் பெரிய அலைகள் வருகின்றன என்று வெள்ளைக்காரப் பையன்களும் பெண்களும் பலகைகளோடு வந்து மாதக்கணக்கில் தங்கத் தொடங்கியிருந்த காலம். பிரான்சிஸ் சமையலறையில் கேசட்டைப் போட, பின்வாசல் பக்கம் கடலுக்குப் போய்வருகிறவர்கள் நின்று கேட்டிருக்கிறார்கள். ஒருவன் கடன் வாங்கிப் பிரதி எடுத்தான். அவனிடமிருந்து இன்னொருவன். “இங்க எல்லாக் குடிசையிலயும் ஒங்க பாட்டுத்தான் ஓடுது. கெளம்பி வாங்க. ஓட்டல்லயே வாசிக்க ஏற்பாடு பண்ணிட்டேன்,” என்று ஊருக்கு வந்தபோது சொன்னார்.

நாங்கள் நம்பவில்லை. ஆனாலும் கிளம்பினோம்.

மதுரை ஜங்ஷனில் ராமேஸ்வரம் ரயிலுக்கு நின்றபோது, பிளாட்பாரத்தின் கடைசியில் முத்தையாவின் தகப்பனார் தெரிந்தார். தோளில் துண்டு, கையில் வறுத்த வேர்க்கடலை மூட்டை. மகனைப் பார்க்கவில்லை. நேராக என் அப்பாவிடம் வந்து மூட்டையைக் கொடுத்தார்.

“வாத்தியாரய்யா, அங்கிட்டு ஈரக்காத்தாம்ல. தோலு நமுத்துரும். அப்பப்ப வெயில்ல காட்டச் சொல்லுங்க.”

அவ்வளவுதான். திரும்பி நடந்தார். முத்தையா உறுமியைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றான். ரயில் மானாமதுரை தாண்டியது. பிறகு மூட்டையைப் பிரித்து எல்லோருக்கும் கடலை கொடுத்தான்.

சுங்கக் கொட்டகையில் முதல் கச்சேரி

ஆக, தலைமன்னார். அதிகாரி அடிச்சுக் காட்டும் என்கிறார். ரயில் நிற்கிறது.

முத்தையா தோல்வாரை மாட்டிக்கொண்டான். முதலில் தயக்கமாக ஒரு தட்டு. பிறகு வளைந்த குச்சியை எடுத்துத் தேய்த்தான். தகரக் கூரை போட்ட கொட்டகை. அந்த உறுமல் கூரையில் ஏறி, மோதி, எங்கள் மேலேயே திரும்பி விழுந்தது. வரிசையில் இருந்த ஒரு குழந்தை வீறிட்டது. அடுத்த நொடி அதே குழந்தை சிரித்தது.

சேவியர் கிட்டாரை எடுத்துவிட்டான். எனக்கு மின்சாரம் இல்லாமல் வழியில்லை, கை தட்டினேன். பெட்டிகளோடு நின்றவர்களும் தட்டினார்கள். அடுத்த மேஜைகளிலிருந்த அதிகாரிகள் எழுந்து வந்தார்கள். முத்தையாவுக்கு வாந்தியும் மயக்கமும் போன இடம் தெரியவில்லை.

முடிந்ததும் எங்கள் அதிகாரி சாக்கட்டியை எடுத்தார். எல்லாப் பெட்டியின் மேலும் கோடு போட்டார். பலகைக்கும் ஒரு கோடு.

“போங்கோ, போங்கோ. ரயில் வெளிக்கிடப் போகுது,” என்றார். நாங்கள் வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து கூப்பிட்டார். “தம்பி! திரும்பி வரேக்கையும் இந்த வழியாலதான் வரவேணும், விளங்கிச்சோ?”

மதிலுக்கு வெளியே

ஓட்டல் கடலைப் பார்த்த வெள்ளை மாளிகை. வாசலில் குரோட்டன்ஸ் செடிகள். மானேஜர் கொழும்புக்காரர், டை கட்டியவர். மரியாதையாகத்தான் வரவேற்றார். சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு மூலையைக் காட்டி, விருந்தினர் இரவு உணவு சாப்பிடும்போது மெல்லிய ஆங்கிலப் பாட்டுகள் வாசிக்க வேண்டும் என்றார். எங்கள் கேசட்டை அவர் கேட்டதே இல்லை. பிரான்சிஸ் சொன்னதை நம்பிக் கூப்பிட்டிருக்கிறார்.

பிறகு அவர் கண் உறுமியில் விழுந்தது.

“அது வேண்டாம்,” என்றார் ஆங்கிலத்தில். “கிட்டார் போதும். அந்தப் பையன் இன்று ஓய்வெடுக்கட்டும்.”

முத்தையாவுக்கு ஆங்கிலம் அதிகம் தெரியாது. ஆனால் விரல் எங்கே நீண்டது என்று பார்த்துவிட்டான். சேவியரைத் தனியே இழுத்தான்.

“அண்ணே, நான் வேணா வெளிய ஒக்காந்திருக்கேன். இம்புட்டுத் தூரம் வந்துட்டு ஏன் வம்பு? நீங்களும் டீச்சரும் வாசிங்க.”

“போடா மாப்ள! நீ இல்லாம என்னத்த வாசிக்க?” என்றான் சேவியர். ஆனால் மானேஜரிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அத்தை மகனின் வேலை அங்கே இருந்தது. நான் அதைப் பார்த்தேன்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று இன்றும் தெரியவில்லை. பள்ளியில் தலைமையாசிரியை கூப்பிட்டால் நாக்கு ஒட்டிக்கொள்கிற ஆள் நான். மானேஜர் முன்னால் போய் நின்று, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். “ஐயா, எங்கள் பாட்டு அந்த வாத்தியத்திலிருந்துதான் பிறந்தது. கிட்டார் பின்னால் வந்தது. மூன்று பேரும் வாசிப்போம். இல்லையென்றால் நாளைக் காலை ரயிலுக்குப் போய்விடுவோம்.”

அவர் முகம் இறுகியது. கூடத்தில் வெள்ளைத் துணி விரித்த மேஜைகளைப் பார்த்தார், உறுமியைப் பார்த்தார். “அந்தச் சத்தம் என் கூடத்துக்குள் வராது. அவ்வளவு ஆசையாக இருந்தால் மதிலுக்கு வெளியே, மணலில் போய் வாசியுங்கள்,” என்றார்.

சொல்லிவிட்டு உள்ளே போனார். எனக்கு அழுகை முட்டியது. அப்பாதான் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, “சரி, மணல் எங்கப்பா இருக்கு?” என்று பிரான்சிஸைக் கேட்டார்.

பிரான்சிஸ் சமையலறை ஜன்னல் வழியாக ஒயரை இழுத்தார். பின்மதில் தாண்டி, தென்னைகளுக்கு அப்பால், ஆம்ப்ளிஃபயரை ஒரு மரப்பெட்டி மேல் வைத்தோம். வெயில் தாழ்ந்துகொண்டிருந்த நேரம். எதிரே ஒரே அலை. சேவியர் ஒரு நிமிடம் எங்களை மறந்துவிட்டான். அப்படி ஒழுங்காக, ஒன்றன் பின் ஒன்றாக மடிந்து வருகிற அலையை அவனே பார்த்ததில்லை. அதில் பத்திருபது பேர் பலகைகளில் மிதந்துகொண்டிருந்தார்கள்.

பிரான்சிஸ் சொன்ன குடிசைகள் அங்கேதான் இருந்தன. எங்கள் பாட்டைக் கேட்டவர்கள் யாரும் அந்த ஓட்டலுக்குள் நுழைகிறவர்களே இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. அவர்கள் மீன்காரர் வீட்டில் சோறு தின்று, ஓலைக் கொட்டகையில் தூங்குகிறவர்கள். கூடத்து மூலையில் நாங்கள் வாசித்திருந்தால் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

முத்தையா உறுமியைத் தேய்த்தான்.

தண்ணீரில் ஒரு தலை திரும்பியது. பிறகு இன்னொன்று. பலகையில் படுத்திருந்த ஒருவன் எழுந்து உட்கார்ந்து, எதையோ கத்தி, மற்றவர்களுக்குக் கையைக் காட்டினான். அடுத்த அலையில் ஐந்தாறு பேர் நின்றபடியே கரைக்கு வந்தார்கள். உப்பில் வெளுத்த தலைமுடி, வெயிலில் உரிந்த மூக்கு. பலகைகளை மணலில் குத்தி நிறுத்திவிட்டு எங்கள் முன்னால் வந்து நின்றார்கள். அலையிலிருந்து இறங்கிக் கச்சேரிக்கு வந்த கூட்டம், உலகத்தில் வேறு எந்தக் குழுவுக்கு வாய்த்தது?

அன்று கடைசியாக வாசித்தது, கேசட்டின் கடைசிப் பாட்டு. முத்தையா கட்டியது.

*வாரேன் வாரேன்னு சொல்லிட்டுப் போற அலையே,*
*வரும்போது எனக்கு என்னத்தக் கொண்டு வார?*

ஒரு பெண், ஆஸ்திரேலியாக்காரி, பாட்டு முடிந்ததும் என்னிடம் வந்து ‘வாரேன்’ என்றால் என்ன என்று கேட்டாள். வருகிறேன் என்று அர்த்தம். எங்கள் ஊரில் கிளம்பிப் போகும்போது அதைத்தான் சொல்வோம், போகிறேன் என்று சொல்ல மாட்டோம் என்றேன். அவள் அதை வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

ஒரு வாரம் என்று போனவர்கள் விடுமுறை முழுக்க இருந்தோம். காலையில் சேவியர் அவர்களோடு அலையில். சிம்மக்கல் பலகையைச் சுற்றி நின்று தடவித் தடவிப் பார்த்தார்கள். கனமாக இருக்கிறது, ஆனால் நேராகப் போகிறது என்றார்கள். முத்தையா தினமும் உறுமியை வெயிலில் காட்டினான்.

வாரேன்

கேசட் எங்களுக்கு முன்னால் பயணம் செய்தது. அந்தப் பையன்களும் பெண்களும் ஒரு கரையில் நிற்கிறவர்கள் இல்லை. அலை எங்கே இருக்கிறதோ அங்கே போவார்கள். வண்டியில் எங்கள் பாட்டும் போகும். ஆஸ்திரேலியாவில் ஒரு சிறிய வானொலி நிலையத்தில் அதை ஒலிபரப்பினார்கள் என்று தெரியவந்தது. பிரான்ஸிலிருந்து கேட்டார்கள். ஜப்பானிலிருந்து ஒருவர் எங்கள் மூவரையும் படமாக வரைந்து அனுப்பினார். அதில் நான் கிமோனோ மாதிரி புடவை கட்டியிருந்தேன். எங்கள் தெருத் தபால்காரர், ஸ்டாம்புகளுக்காக வாசலில் உட்கார்ந்தே விடுவார். மதுரையில் அப்போதும் நாங்கள் யாரென்று யாருக்கும் தெரியாது.

அடுத்த பருவத்தில் மறுபடி கப்பல் ஏறினோம். அதன் பிறகு இலங்கையில் நிலைமை கெட்டு அந்தக் கப்பலே நின்றுபோனது. அது வேறு துயரம். எங்களுக்கு இரண்டு முறை வாய்த்தது.

அந்த இரண்டாம் முறை மானேஜரே ஸ்டேஷனுக்குக் கார் அனுப்பியிருந்தார். கூடத்தில் வாசிக்கலாம், உறுமியோடு வாசிக்கலாம் என்றார். பழையதை நாங்களும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. “மணலே நல்லாருக்கு சார்,” என்றான் சேவியர். அவர் கூடத்து நாற்காலிகளை மணலுக்குத் தூக்கி வரச் சொன்னார்.

நாற்காலியில் உட்கார யாருக்கும் பொறுமை இல்லை. அவ்வளவு கூட்டத்தை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. பழைய முகங்கள் இருந்தன; புதியவைதான் அதிகம். எங்களைக் கேட்பதற்காகவே அந்தக் கரைக்குப் பயணத்தை மாற்றிக்கொண்டு வந்ததாகச் சிலர் சொன்னார்கள். ஊர் மீனவர்கள் குடும்பத்தோடு வந்து ஓரமாக நின்றார்கள். அப்பாவுக்கு ஒரு நாற்காலி முன்வரிசையில்.

ஒவ்வொரு பாட்டுக்கும் ஆரவாரம். எனக்குப் பாஸ் கம்பிகள் விரலில் வழுக்கின. கடைசியாக அந்தப் பாட்டு.

சேவியர், “வாரேன் வாரேன்னு...” என்று எடுத்தான். எதிரே இருந்த கூட்டம் முழுதும் எடுத்தது.

மொழி தெரியாதவர்கள். தாய்மொழி பலவாக இருந்தவர்கள். ஓடித் தேய்ந்த கேசட்டிலிருந்து ஒவ்வொரு எழுத்தாகக் காதால் பிடித்துவைத்திருந்தார்கள். ‘ற’கரம் உருண்டது, ‘த்த’வெல்லாம் ‘ட்ட’வானது. ஆனால் ஒரு சொல்கூட விட்டுப்போகவில்லை.

இரண்டாவது அடியில் சேவியர் பாடுவதை நிறுத்திவிட்டான். கேட்டுக்கொண்டே நின்றான். நான் கையை எடுத்துவிட்டேன். கொஞ்ச நேரம் உறுமி மட்டும் ஓடியது. பிறகு முத்தையாவும் குச்சியைத் தூக்கிவிட்டான். அவர்கள் நிறுத்தவில்லை. கடல் சத்தத்தின் மேல் அத்தனை குரலும் எங்கள் பாட்டைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. முன்வரிசையில் அப்பா, ஒரு ஞானப்பாட்டைக்கூட ஒழுங்கான சுருதியில் பாடியிராத மனிதர், கண்ணை மூடி, வாயைத் திறந்து பாடிக்கொண்டிருந்தார்.

முத்தையா என் பக்கம் சாய்ந்தான். கண்ணெல்லாம் தண்ணீர். முகமெல்லாம் சிரிப்பு.

“டீச்சர்,” என்றான், “வெள்ளக்காரய்ங்க அம்புட்டுப் பேரும் பரவைக்காரய்ங்க மாதிரியே பேசுறாய்ங்க!”